கனியட்டும், கொஞ்சம் பொறுங்க மக்கா!

போன மாசம் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டுப் போற விருந்து. புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்னு வழக்கமான வரிசையெல்லாம் முடிஞ்சு, கடைசியா ஒரு தட்டுல வாழைப்பழ பிரட் வந்துச்சு. சுட்டவர் நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவர். ஆசையா ஒரு துண்டு எடுத்து வாயில போட்டேன். அடுத்த நிமிஷம் தண்ணி எங்க இருக்குன்னு தேட வேண்டியதாப் போச்சு. தொண்டையில ரம்பத்தூள்.

அவரே ஆரம்பிச்சார். "ரெசிபியில போட்டிருக்கறபடியேதான் பண்ணேங்க. ஏன் இப்படி வறண்டு போகுதுன்னே தெரியல. அடுத்த தடவை எண்ணெயைக் கூட்டிரணும்."

"பழம் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"அருமையான பழம். காலைலதான் கடையில வாங்கினேன். மஞ்சமஞ்சேர்னு, ஒரு கரும்புள்ளி கிடையாது"ன்னார் பெருமையா.

அங்கயே ஒரு பிரசங்கம் பண்ணியிருப்பேன். தங்கமணி முறைச்ச முறைப்புல வாயைப் பொத்திக்கிட்டு வந்துட்டேன். அங்க அடக்கினதை இங்க கொட்டிடறேன். படிக்கறது உங்க தலையெழுத்து :-)

என் கட்சி இதுதான். பழம் போட்டுச் சுடுற பிரட் சரியா வராததுக்கு முக்காவாசி நேரம் எண்ணெய் காரணமில்ல, அவனும் காரணமில்ல. சுடுறவருக்குப் பொறுமை இல்லாததுதான் காரணம். பழத்துக்காகக் காத்திருக்கத் தெரியாதவங்க பழ பிரட் சுடவே வேண்டாம். கடையில பிஸ்கட் வாங்கிக்கலாம். காசும் மிச்சம், மாவும் மிச்சம்.

இந்த வகை ரொட்டிக்கு அமெரிக்காவுல 'குயிக் பிரட்'னு பேரு. இந்தப் பேருதான் எல்லாரையும் ஏமாத்துது. குயிக்னு சொல்றது மாவு பொங்குறதுக்கு மட்டும். ஈஸ்ட் போட்டா மணிக்கணக்கா காத்திருக்கணும். அதுக்குப் பதிலா சோடாவைப் போட்டா, அது புளிப்போட சேர்ந்து உடனே வாயுவைக் கிளப்பி மாவை உப்ப வெச்சிடும். 1796-ல அமீலியா சிம்மன்ஸ்ங்கற அம்மா எழுதின 'அமெரிக்கன் குக்கரி' புத்தகத்துலயே இந்த வேலையைப் பண்ணியிருக்காங்க. அப்ப சோடா கிடையாது. மரச்சாம்பல்லேர்ந்து எடுத்த 'பேர்ல்ஆஷ்'ங்கற காரத்தைத்தான் போட்டாங்க. 1846-ல ஜான் ட்வைட், ஆஸ்டின் சர்ச்னு ரெண்டு பேர் சேர்ந்து சோடா வியாபாரத்தை ஆரம்பிச்சாங்க. அப்புறம் அது வீட்டுக்கு வீடு வந்துடுச்சு.

ஆக, மாவுக்கு அவசரம் சரி. பழத்துக்கு எந்த சோடாவும் கிடையாது. பழம் அதோட வேகத்துலதான் பழுக்கும். பேருல இருக்கற 'குயிக்'கைப் பழத்துக்கும் சேர்த்துப் படிச்சிட்டோம். வந்த வினை அதுதான்.

இவ்வளவு வாய் கிழியப் பேசறவன் பிறக்கும்போதே பொறுமைசாலியா பொறந்தானான்னு கேட்டா... அவ்வ்வ்... இல்ல. எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவங்க பக்கத்து வீட்டுப் பாட்டி. அதுவும் நான் மூணு வருஷமா அவங்ககிட்ட கூசாம சொன்ன ஒரு பொய்யைக் கையும் களவுமா பிடிச்ச அப்புறம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2012-ல சான் ஓசே பக்கம் இந்த வீட்டுக்குக் குடி வந்தோம். வந்த முதல் நவம்பர்ல ஒருநாள் கதவைத் திறந்தா, வாசல்ல ஒரு காகிதப் பை. உள்ள ஆரஞ்சு நிறத்துல, இதயத்தைக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு பதினஞ்சு பழம். பக்கத்து வீட்டுக் கொல்லையில ஒரு மரம் உண்டு. இலையெல்லாம் கொட்டிப் போய், வெறும் கிளையில பழம் மட்டும் விளக்கு மாட்டின மாதிரி தொங்கும். பெர்சிமன். இந்தப் பக்கம் கொல்லையில பெர்சிமன் மரம் வெச்சிருக்கறவங்களுக்கு நவம்பர்ல அக்கம்பக்கம் பூரா பை வைக்கறதுதான் வேலை. ஒரு மரம் காய்ச்சா ஒரு குடும்பத்தால தின்னு தீர்க்க முடியாது.

அப்ப அம்மா ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தாங்க. கலரைப் பார்த்ததும் அவங்களுக்கு ஆசை. கழுவித் துடைச்சு, அரிஞ்சு, ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டாங்க. முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. பேச்சே வரல. செம்புத் தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு, "ஏன்டா, இது பழமாடா? பச்சைப் பாக்கை முழுசா மென்ன மாதிரி இருக்கு. வாய்க்குள்ள கம்பளி மொளைச்சிருச்சு"ன்னாங்க. நானும் ஒரு கடி கடிச்சுப் பார்த்தேன். அறுசுவையில துவர்ப்புன்னு ஒண்ணு இருக்கறது அன்னிக்குத்தான் முழுசா புரிஞ்சுது.

பை அப்படியே குப்பைக்குப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாட்டி வேலி ஓரமா நின்னு, "பழம் பிடிச்சிருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. "ரொம்ப நல்லா இருந்துச்சு, தேங்க்ஸ்"னேன். நம்ம நாகரிகம் அப்படி!

நல்லா இருந்துச்சுன்னு சொன்னதோட பலன், அடுத்த வருஷம் பை பெரிசாச்சு. மூணாவது வருஷம் ரெண்டு பையாச்சு. ஒவ்வொரு வருஷமும் அதே குப்பைத் தொட்டி, அதே தேங்க்ஸ்.

மூணாவது வருஷம், 2014 நவம்பர் கடைசி. குப்பை வண்டி வர்ற நாள். ராத்திரி அடிச்ச காத்துல செடிகொடிக் குப்பை போடுற பச்சைத் தொட்டி தெருவுல சாய்ஞ்சு கிடக்குது. காலைல கதவைத் திறந்தா ரோடு பூரா ஆரஞ்சுப் பழம் உருண்டு கிடக்கு. அதை நடுவுல நின்னு ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டிருக்கறது... பாட்டி. வயசு எழுபதுக்கு மேல. நான் ஓடிப்போய் கூடப் பொறுக்கினேன். அவங்க ஒரு வார்த்தை சொல்லல. நானும் சொல்லல. அந்த அஞ்சு நிமிஷத்தை நினைச்சா இப்பவும் காது சூடாகுது.

அம்மா ஊர்லேர்ந்து போன்ல இதைக் கேட்டுட்டு, "வேணாம்னா முதல் நாளே வேணாம்னு சொல்லியிருக்கலாமேடா. இல்ல, எப்படித் திங்கறதுன்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்"னாங்க. நியாயம்தான்.

அடுத்த நவம்பர் வந்துச்சு. பை வராதுன்னுதான் நினைச்சேன். பை வரல. பாட்டியே வந்தாங்க. கையில ஒரே ஒரு பழம். அதுல வெள்ளை டேப் ஒட்டி, அதுமேல பேனாவால ஒரு தேதி: டிசம்பர் 6. "இந்தத் தேதிக்கு முன்னாடி தொடாதீங்க. தொட்டா தண்ணி நிரப்பின பலூன் மாதிரி இருக்கணும். கெட்டுப் போச்சுன்னு நீங்க நினைப்பீங்க பாருங்க, அன்னிக்குத்தான் அது பழம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வேற ஒரு வார்த்தை இல்ல. தெருவுல பொறுக்கின கதையைப் பத்திப் பேச்சே இல்ல.

சமையலறை ஜன்னல்ல வெச்சோம். தினமும் ஆபீஸ் போறப்ப ஒரு பார்வை. கல்லு மாதிரி இருந்தது மெதுவா இளகுச்சு. தோல் கண்ணாடி மாதிரி ஆச்சு. டிசம்பர் 6 அன்னிக்குத் தொட்டா, தங்கமணி "ஐயே, அழுகிடுச்சு, தூக்கிப் போடுங்க"ன்னாங்க. போடல. காம்பைக் கிள்ளிட்டு ஸ்பூனால ஒரு வாய் எடுத்தேன். தேனும் பனம்பழமும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு. துவர்ப்பு துளி இல்ல. மூணு வருஷமா எதைக் குப்பையில போட்டோம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

விஷயம் என்னன்னா, பெர்சிமன்ல ரெண்டு முக்கிய ரகம் உண்டு. தக்காளி மாதிரி தட்டையா இருக்கறது ஃபூயூ. அதை ஆப்பிள் மாதிரி கறுக்குனு கடிச்சுத் திங்கலாம். இதயம் மாதிரி நீளமா இருக்கறது ஹச்சியா. எங்க வாசலுக்கு வந்தது ஹச்சியா. காயா இருக்கும்போது அதுல கரையக்கூடிய டானின் ஏகப்பட்டது இருக்கும். அது நம்ம எச்சிலோட புரதத்தைப் பிடிச்சுக்கும். அதனாலதான் வாய் வறண்டு கம்பளி மொளைக்குது. பழுக்கப் பழுக்க அதே டானின் கரையாத வடிவத்துக்கு மாறிடும். பழத்துக்குள்ளதான் இருக்கும், ஆனா நாக்குக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் இளகினாத்தான் இது முழுசா நடக்கும். பாதி இளகின பழத்துல பாதித் துவர்ப்பு அப்படியே நிக்கும்.

இன்னொரு விஷயம் தெரிஞ்சப்ப எனக்குச் சந்தோஷமாயிருச்சு. இந்தப் பெர்சிமன் நமக்கு ஒண்ணும் அந்நியமில்ல. நம்ம கருங்காலியும், பீடி சுத்துற இலை தர்ற மரமும் இதே டயோஸ்பைரோஸ் குடும்பம்தான். குன்னூர்ல பெர்சிமனே விளையுது. இந்த ஹச்சியா மாதிரி ரகங்கள் 19-ஆம் நூற்றாண்டுல ஜப்பான்லேர்ந்து அமெரிக்காவுக்கு வந்தவை. அதுக்கு முன்னாடியே இங்க சொந்தமா ஒரு சின்னப் பெர்சிமன் உண்டு. பெர்சிமன்ங்கற பேரே இங்கத்துப் பூர்வகுடி மொழியிலேர்ந்து வந்ததுதான். இந்தியானா மாநிலத்துல மிட்செல்னு ஒரு சின்ன ஊர்ல 1947-லேர்ந்து இந்தப் பழத்துக்குத் திருவிழாவே எடுக்கறாங்க.

சரி, பிரட்டுக்கு வருவோம்.

அடுத்த வருஷம் பாட்டிகிட்ட நானே கேட்டு ஒரு பை வாங்கினேன். வாங்கின கூடையை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுக்கறது? பக்கத்து வீட்டுலேர்ந்து பாத்திரத்துல ஏதாவது வந்தா, திருப்பும்போது ரெண்டு வடையோ, அதுவுமில்லேன்னா ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கறதுதான் அம்மா வீட்டு வழக்கம். ஜேம்ஸ் பியர்ட் 1973-ல எழுதின 'பியர்ட் ஆன் பிரட்' புத்தகத்துலயே பெர்சிமன் பிரட் இருக்குன்னு தெரிஞ்சுது. சரி, பிரட்டே சுட்டுக் கொடுப்போம்னு இறங்கிட்டேன்.

முதல் தடவை சொதப்பல். பழக்கூழ்ல சோடாவைப் போட்டுக் கலக்கி வெச்சிட்டு ஆபீஸ் போன் வந்துச்சேன்னு போயிட்டேன். இருபது நிமிஷம் கழிச்சு வந்து பார்த்தா கூழ் நுங்கு மாதிரி உறைஞ்சு உட்கார்ந்திருக்கு! பெர்சிமன் கூழும் சோடாவும் சேர்ந்தா அப்படித்தான் கெட்டிப்படும். அன்னிலேர்ந்து சோடாவை மாவோட சலிச்சுடறது, கலந்த கையோட அவனுக்குள்ள தள்ளிடறது.

இப்ப நான் பண்ற கணக்கு இது. மைதா 2 கப் (250 கிராம்), சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், ஜாதிக்காய் ரெண்டு உரசு. இதெல்லாம் ஒண்ணா சலிச்சுக்கணும். இன்னொரு பாத்திரத்துல முட்டை 2, சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், புளிச்ச தயிர் கால் கப், நல்லாக் கனிஞ்ச பெர்சிமன் கூழ் 1 கப். பெரிய பழமா இருந்தா ரெண்டு மூணு போதும். பனம்பழம் பிசையற மாதிரி கையாலயே பிசைஞ்சு தோலை எடுத்துடலாம். பெர்சிமன்ல புளிப்பு கம்மி, சோடா வேலை செய்யப் புளிப்பு வேணும். அதுக்குத்தான் தயிர். ரெண்டையும் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் மட்டும் கிளறணும். அரை கப் வால்நட், ஒரு கைப்பிடி உலர்திராட்சை. 9 அங்குலத்துக்கு 5 அங்குல டின். 350 டிகிரி பாரன்ஹீட்ல (175 செல்சியஸ்) ஒரு மணி நேரம். அம்பதாவது நிமிஷத்துலேர்ந்து குச்சியால குத்திப் பாருங்க.

இதுல ரெண்டு இடத்துலதான் நம்ம மக்கள் சறுக்கறது.

ஒண்ணு, கிளறல். சப்பாத்தி மாவுக்கும் பரோட்டா மாவுக்கும் அடிச்சுப் பழகின கை சும்மா இருக்காது. அடிக்க அடிக்க மாவுல பசைத்தன்மை வலுவாகி ரொட்டி ரப்பராயிடும், உள்ள நீளநீளமா ஓட்டை விழும். நாலஞ்சு கட்டி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

ரெண்டாவது, ஈரம்னா என்னங்கற குழப்பம். ஈரமா இருக்கறது வேற, வேகாம இருக்கறது வேற. நடுவுல சொதசொதன்னு கத்தியில ஒட்டினா அது பச்சை மாவு. ஈரமான பிரட்னா, வெட்டினா சுத்தமா வெட்டும், விரலால அமுக்கினா மெத்துனு திரும்பி வரும், வாயில போட்டா தண்ணி கேட்காது. இந்த ஈரத்தைத் தர்றது முக்கியமா பழம்தான். கனிஞ்ச பழத்துல இருக்கற சர்க்கரையும் பெக்டினும் தண்ணியை விடாம பிடிச்சு வெச்சுக்கும். எண்ணெயும் உதவும், இல்லேங்கல. வெண்ணெய் ஆறினா இறுகிடும், எண்ணெய் இறுகாது, அதனால மறுநாளும் மெத்துனு இருக்கும். ஆனா காய்வெட்டுப் பழத்தைப் போட்டுட்டு எண்ணெயைக் கூட்டினா வர்றது ஈரமில்ல, பிசுக்கு. சரக்கில்லாத பழத்துக்குச் சர்க்கரையைக் கூட்டினா வர்றது ருசியில்ல, வெறும் தித்திப்பு.

சமையல் குறிப்பு எழுதறவங்க மேல எனக்கு இருக்கற ஒரே வருத்தம் இதுதான். மாவை கிராம் கணக்குல சொல்றாங்க, சூட்டை டிகிரி கணக்குல சொல்றாங்க. பழத்துக்கு மட்டும் 'பழம் - 3'. எந்தப் பதத்துல? எத்தனை நாள் வெச்சது? தொட்டா எப்படி இருக்கணும்? பாகுக்கு ஒத்தைக் கம்பியா ரெட்டைக் கம்பியான்னு பார்க்கிற சனம் நாம. பழத்தோட பதத்துக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? பாட்டி ஒரு டேப்புல எழுதின தேதியை விடச் சிறந்த சமையல் குறிப்பை நான் பார்த்ததில்ல.

"யாருக்குய்யா மூணு வாரம் காத்திருக்க நேரம் இருக்கு? பச்சை வாழைப்பழத்தை அவன்ல இருபது நிமிஷம் வெச்சா கறுத்து இளகிடுது, தெரியுமா?"ன்னு ஒரு கோஷ்டி வரும். தெரியும். கறுக்கும், மசியும், ஒத்துக்கறேன். ஆனா தானாப் பழுத்ததோட இனிப்பும் மணமும் அதுல வராது. ஹச்சியாவை ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சு எடுத்தாலும் இளகும், துவர்ப்பும் நல்லாவே குறையும். அவசரத்துக்குத் தப்பில்ல, நானும் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன். ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சு ருசி பார்த்தா, ஜன்னல்ல கனிஞ்சதுக்கு முன்னாடி அது தலை குனியுது.

சீக்கிரம் வேணும்னா அதுக்கும் நம்ம பாட்டிமாரு வழி சொல்லியிருக்காங்க. மாங்காயை வைக்கோல்ல புதைக்கறது, அரிசிப் பானையில போட்டு மூடறது, வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடறது. பழம் விடுற எத்திலீன் வாயுவை வெளிய விடாம பிடிச்சு வெக்கறது, இல்லேன்னா புகையில வர்ற எத்திலீனைக் காட்டறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஹச்சியாவையும் ஒரு காகிதப் பையில, ஒரு ஆப்பிளோட போட்டு மடிச்சு வெச்சா சீக்கிரமே இளகிடும். இதெல்லாம் பழத்தோட இயல்புக்கு உதவி. இதுக்கு நேர் எதிர் எதுன்னா, ஊர்ல கல்லு வெச்சுப் பழுக்க வெக்கற மாம்பழம். கால்சியம் கார்பைடு வெச்சுப் பழுக்க வெக்கறதை இந்தியாவுல சட்டமே தடை பண்ணியிருக்கு. வெளிய தகதகன்னு மஞ்சள், உள்ள புளிப்பு, உடம்புக்கும் கேடு. 'கல்லு வெச்ச பழம்'னா மூஞ்சியைச் சுளிக்கிற நாமளே, நம்ம சமையலறையில மட்டும் பழத்தை அவசரப்படுத்தறது என்ன நியாயம்?

இன்னொரு கேள்வியும் வரும். "கூழை ஃப்ரீசர்ல போட்டு வருஷம் பூரா சுடலாமே?" சுடலாம். பொங்கல் வரைக்கும் நானே ரெண்டு டப்பா வெச்சுக்கறதுண்டு. அதுக்கு மேல வேண்டாம்ங்கறது என் கொள்கை. ஜூலையில பெர்சிமன் பிரட் எதுக்கு? ஜூலையில பீச் இருக்கு, பிளம் இருக்கு. அந்தந்தப் பருவத்துல எது கொட்டிக் கிடக்குதோ, எது இன்னும் ரெண்டு நாள்ல வீணாப் போகுமோ, அதுக்காகத்தான் இந்த பிரட். 2020 ஊரடங்குல உலகமே வாழைப்பழ பிரட் சுட்டப்போ, பிரட் சுடறதுக்குன்னே புதுசா வாழைப்பழம் வாங்கிட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். பழங்கஞ்சி குடிக்கறதுக்காகப் புதுசா சோறு வடிச்ச கதை :-) மிஞ்சினதை வீணாக்காம இருக்கத்தான் பழைய சோறு. கனிஞ்சதை வீணாக்காம இருக்கத்தான் பழ பிரட்.

பாட்டிக்கு முதல் பிரட்டைக் கூடையில வெச்சுக் கொடுத்த கதையைச் சொல்லாம விட்டுட்டேனே. மறுநாள் வேலி ஓரம் நின்னாங்க. "எப்படி இருந்துச்சு?"ன்னு நான் கேட்டேன். "சர்க்கரை ஜாஸ்தி. பழத்தை நம்புங்க"ன்னு பட்டுனு சொல்லிட்டாங்க. எனக்குச் சுருக்குனுதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா, மூணு வருஷம் நான் சொன்ன 'ரொம்ப நல்லா இருந்துச்சு'வை விட இந்த ஒரு வரி எவ்வளவு மரியாதை! நல்லா இருந்துச்சுன்னு பொய் சொன்னா பை பெரிசாகுது, குப்பைத் தொட்டி நிறையுது. உண்மையைச் சொன்னா பிரட் நல்லா வருது. அப்ப ஒண்ணேகால் கப் போட்டிருந்தேன். முக்கால் கப்புக்கு இறங்கினது அவங்க புண்ணியம்.

இந்த லட்சணத்துல, நண்பர் வீட்டு விருந்துல நான் என்ன பண்ணேன்? தண்ணியைக் குடிச்சிட்டு, "நல்லா இருக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். எழுதும்போதுதான் உறைக்குது. திருந்தல பாருங்க. நாளைக்கு அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். கூடவே ரெண்டு ஹச்சியாவும் கொண்டுபோய்க் கொடுக்கறேன், டேப் ஒட்டி.

பாட்டிக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு. ஏணியில ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால போன ரெண்டு வருஷமா பழம் பறிக்கறது நான்தான். கீழ நின்னுக்கிட்டு, எந்தக் கிளையில எது முத்தினதுன்னு கையைக் காட்டுவாங்க. பல்லுக்குச் சிரமம்னு அவங்க பிரட்ல மட்டும் வால்நட் போடறதில்ல.

இப்ப எங்க ஜன்னல் ஓரம் பதினோரு பழம் வரிசையா உட்கார்ந்திருக்கு. காலைல ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தேன். மூணு இளக ஆரம்பிச்சிருக்கு, மீதி எட்டும் கல்லு. தங்கமணி, "இந்த வாரக் கடைசியில சுட்டுடலாமா, என் தங்கச்சி வர்றா"ன்னு கேட்டாங்க.

முடியாது, அடுத்த வாரம்தான்னு சொல்லியிருக்கேன். மச்சினிக்குக் கேசரி கிண்டிக்கலாம்.

டிஸ்கி: கனியாத பெர்சிமனை வெறும் வயித்துல நிறையத் தின்னா வயித்துக்குள்ள கட்டியா உருண்டு தொந்தரவு கொடுக்கும். இது விளையாட்டில்ல, நிஜமா நடக்கறது. அதனால பிரட்டுக்கு இல்லாட்டியும், வயித்துக்காகவாவது பொறுங்க.